பீரோ சாவியைக் கேளுங்கள்

செஞ்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு நூலகரின் திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களே, அப்பாக்களே, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளே,

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். உங்கள் பிள்ளைகள் என்னை 'லைப்ரரி மிஸ்' என்பார்கள். கடைத்தெருவில், திண்டிவனம் பஸ்ஸில், கோயில் திருவிழாவில் பார்க்கும்போதெல்லாம் "எம் புள்ள எப்படிப் படிக்குது மிஸ்?" என்று கேட்பீர்கள். நானும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் "நல்லாப் படிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ஏறியிருக்கிறேன். அது அரைப் பதில். மீதிப் பதிலை இந்த மடலில் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள், பிள்ளையை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2025 ஜூலையில் நம் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. மராட்டியர் காலத்துப் போர்க் கோட்டைகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்து அறிவித்தார்கள். 11 மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று நம்முடையது. ஊரே மகிழ்ந்தது. பள்ளியில் 'செஞ்சிக் கோட்டை' என்று புராஜெக்ட் கொடுத்தோம். ஒரு வாரத்தில் கட்டுக் கட்டாக வந்து குவிந்தன. வழவழப்பான தாள், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முதல் பக்கத்தில் இருந்த வரி இரண்டாவது பிள்ளையின் புராஜெக்டிலும் இருந்தது, மூன்றாவதிலும் இருந்தது. பிழை விழுந்த இடத்தில்கூட அதே பிழை. ஒரே கடை, ஒரே பக்கம், பிள்ளையின் பெயர் மட்டும் வேறு.

அவற்றில் ஒரு பையனின் அட்டைப் படத்தைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அந்தப் படத்தில் இருந்தது நம் கோட்டை இல்லை. அதே 12 கோட்டைப் பட்டியலில் உள்ள ராய்கட். மகாராஷ்டிரத்துக் கோட்டை. பையனைக் கூப்பிட்டேன்.

"இது எங்க எடுத்தது தம்பி?"

"பிரவுசிங் சென்டர் அண்ணன் எடுத்துக் குடுத்தாரு மிஸ்."

"உங்க வீட்டு மாடியில நின்னா என்ன தெரியும்?"

"ராஜகிரி தெரியும் மிஸ்."

"இது ராஜகிரியா?"

படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தான். "இல்ல மிஸ்" என்றான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பல் துலக்கும்போதே பார்க்கிற நம் கோட்டை மலை அது. ஆனால் புராஜெக்ட் என்றால் உற்றுப் பார்ப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காசு கொடுத்தால் கிடைக்கிற பொருள் அது என்றே நாம் பழக்கியிருக்கிறோம். நாம் என்கிறபோது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இத்தனை வருடமும் ஸ்பைரல் பைண்டிங் போட்டதற்குக் கூடுதல் மதிப்பெண் விழுந்தபோது நானும் வாய் திறக்காமல் இருந்தேன்.

உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, வருத்தம் உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு, "நாளைக்குக் காலையில புராஜெக்ட் வெக்கணும்" என்று பிள்ளை அழும்போது, வயலிலிருந்து வந்த களைப்போடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். நூறு ரூபாய்க்கும் நூற்றைம்பது ரூபாய்க்கும் பிரிண்ட் எடுத்தவர்களில் அன்றைய கூலியைக் கொடுத்தவர்களும் உண்டு. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணத்துக்கு உங்கள் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? பக்கம் நிறைந்தது. 'எங்கே தேடுவது, எதை நம்புவது' என்ற இரண்டும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவே இல்லை.

அந்தப் புராஜெக்டுகளில் பாதிக்கு மேல் 'செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர் சத்ரபதி சிவாஜி' என்று இருந்தது. மராட்டியர் கோட்டைகள் என்ற பட்டியலில் பெயர் வந்துவிட்டது. அதனால் அப்படியே எழுதிவிட்டார்கள். சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677-இல். அதற்கு முன்பே ஆனந்தக்கோன் என்ற கோனார் தலைவனோடு இந்தக் கோட்டையின் தொடக்கத்தை இணைத்துச் சொல்லும் மரபு நம்மிடம் இருக்கிறது. விஜயநகரத்தின் நாயக்கர்கள் இங்கே பெரிய பெரிய கட்டடங்களை எழுப்பினார்கள். பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. சிவாஜிக்குப் பின் அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கி, மொகலாயரின் முற்றுகையை ஆண்டுக்கணக்கில் தாங்கினார். 1698-இல் கோட்டை விழுந்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். ஒரு கல்லை ஒருவர் வைத்தார், அதன்மேல் இன்னொருவர் வைத்தார். அவ்வளவு பேரின் கைபட்ட கோட்டையை ஒரே வரியில் முடிக்கும் தாளை, உங்கள் பிள்ளை நம்பி வாங்கி வந்து என்னிடம் தந்திருக்கிறது. யுனெஸ்கோ பட்டியலைப் பார்த்து நாளை வெளியூர்க்காரர்கள் வருவார்கள். 'இதை யார் கட்டினார்கள்?' என்று நம் பிள்ளைகளிடம்தான் முதலில் கேட்பார்கள்.

இனி ஒரு நல்ல செய்தி. அதையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தச் செய்தியில் நீங்களும் இருக்கிறீர்கள்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கடைக்குப் போகக் காசில்லாததால் பிரிண்ட் எடுக்காமல் வந்தாள். தலை குனிந்து நின்றாள். "உனக்குத் தெரிஞ்சத எழுது" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது மிஸ், எங்க ஆயாவுக்குத்தான் தெரியும்" என்றாள். "ஆயாகிட்டக் கேட்டு எழுதிட்டு வா" என்றேன். மறுநாள் நோட்டுப் புத்தகத்தில் ஆறு பக்கம் எழுதி வந்தாள், தேசிங்கு ராஜா கதையை. ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்தது, மணமேடையிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போர்க்களத்துக்கு வந்த மகமத்கான், ராஜாவோடு தீயில் இறங்கிய ராணி என்று எல்லாம் இருந்தது. அவள் ஆயா களை பறிக்கும்போது பாடக் கேட்ட கதை.

அப்புறம் நூலகத்தில் இருந்த புத்தகங்களை எடுத்து அவளிடம் கொடுத்தேன். சி.எஸ்.சீனிவாசாச்சாரி எழுதி 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாறு ஆங்கிலத்தில் இருக்கிறது. தேசிங்கு பற்றிய பக்கங்களை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். தேசிங்கு இறந்தது 1714-இல். அவன் செஞ்சியைக் கையில் வைத்திருந்தது சில மாதங்கள் மட்டுமே. அவள் முகம் வாடிவிட்டது. "அப்ப எங்க ஆயா சொன்னது பொய்யா மிஸ்?"

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு பத்தி போடச் சொன்னேன். ஆயா சொன்னது என்ன, புத்தகம் சொல்வது என்ன. எது எதில் ஒத்துப்போகிறது, எது எதில் மாறுகிறது என்று எழுதச் சொன்னேன். மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் அவளே ஒரு கேள்வியோடு வந்தாள். "சில மாசம்தான் ராஜாவா இருந்தாரு. அப்புறம் ஏன் மிஸ் முந்நூறு வருஷமா அவரையே பாடுறாங்க?"

பெற்றோரே, அந்தக் கேள்வியைக் கடையில் பிரிண்ட் எடுக்க முடியாது. அதற்குப் பதில் எந்த ஒரு பக்கத்திலும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் வேறு ஒரு பிள்ளையாக நின்றாள். அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'எங்கிருந்து தெரிந்துகொண்டேன்' என்று தலைப்புப் போட்டு, முதலில் ஆயாவின் பெயர், ஊர், வயது, அதன் கீழே புத்தகத்தை எழுதிய பேராசிரியரின் பெயர், புத்தகத்தின் பெயர், பக்க எண் என்று எழுதவைத்தேன். எழுத்து அறியாத அந்த ஆயாவின் பெயர், பேராசிரியரின் பெயருக்கு மேலே இருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது ஆயா அழுதுவிட்டார்களாம்.

"எனக்குப் படிப்பு இல்ல மிஸ், நான் இன்னா சொல்லித்தரப் போறேன்" என்று என்னிடம் சொன்ன அம்மாக்களுக்காக இதைச் சொல்கிறேன். எந்த ஏரிக்கு எந்த மதகு, எந்த ஆண்டு வெள்ளம் எது வரை வந்தது, எந்தப் பாறையில் எழுத்து இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்களே ஒரு புத்தகம். உங்களை யாரும் இதுவரை இரவல் வாங்கிப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

பாறை எழுத்து என்றதும் இன்னொன்று சொல்கிறேன். ஊருக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறதல்லவா, ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய குன்று? உங்களில் பலர் அங்கே ஆடு மேய்த்திருப்பீர்கள். அங்கே ஒரு கல்வெட்டு உண்டு. சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்வது. ஐம்பத்தேழு என்ற அந்த எண்ணின் முதல் எழுத்து 'ஐ'. தமிழ்க் கல்வெட்டுகளில் 'ஐ' என்ற எழுத்து காணப்படும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று என்று எழுத்து வரலாறு அறிந்தவர்கள் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் அ, ஆ எழுதி 'ஐ'க்கு வரும்போது, அந்த எழுத்தின் ஒரு பழைய வீடு நம் ஊர்க் குன்றில் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கிறோமா? விடுமுறையில் புதுச்சேரி கடற்கரைக்குப் போகிறோம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்களுக்கு முன் நின்று படம் எடுக்கிறோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை என்று சொல்லப்படும் தூண்கள் அவை. நம் வீட்டுத் தூணுக்கு முன்னாலேயே அந்நியராக நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம்.

கதைப் புத்தகம் பற்றியும் சொல்ல வேண்டும். "கதைப் புஸ்தகம் படிச்சா மார்க் வருமா மிஸ்?" என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் தேடும் ஆசை கதையிலிருந்துதான் பிறக்கிறது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' என்ற சிறார் நாவலுக்கு 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. அதைப் படித்த எட்டாம் வகுப்புப் பையன் "நம்ம ஊர்ல தோண்டினா இன்னா மிஸ் கிடைக்கும்?" என்று கேட்டு, அதற்கப்புறம் கல்வெட்டுப் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. 2021-இல் அதே விருதைப் பெற்ற மு.முருகேஷ், நம் அண்டை ஊரான வந்தவாசியில் வசிப்பவர். புத்தகம் எழுதுகிறவர் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார் என்று சொன்னபோது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எழுத்தாளர் என்றால் படத்தில் மாலையோடு இருப்பவர் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அரசும் வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையும் கூச்சப்படாமல் 'நுழை'யில் நுழையலாம். பெரியசாமித் தூரன் முன்னின்று உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம் 10 தொகுதிகள். அதில் அகரவரிசை பார்த்து ஒரு சொல்லைத் தானே கண்டுபிடித்த பிள்ளை, அந்தப் பக்கத்தில் தேடாத நான்கு விஷயங்களையும் படித்துவிட்டுத்தான் மூடும்.

இவ்வளவும் இருந்தும் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் ஏன் போவதில்லை? இதுதான் என் பெரிய ஆற்றாமை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் நூலகம் என்பது இரண்டு இரும்பு பீரோ. சாவி அலுவலக அறையில். வருட முடிவில் இருப்புச் சரிபார்ப்பு வரும். ஒரு புத்தகம் குறைந்தாலும் பொறுப்பாசிரியர் கைக்காசு கட்ட வேண்டும். எனவே அவர் கொடுக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளத்தில் அபராதம் கட்டிப் பார்த்தவர். அந்தப் பீரோவைத் திறந்த நாளில் புத்தம்புது அட்டைகளும் உள்ளே ராமபாணப் பூச்சி அரித்த பக்கங்களும் இருந்தன. ஒரு பிள்ளையின் விரல்கூடப் படாமல் கெட்டுப்போன புத்தகங்கள். நூலகப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கும். அந்த நேரத்தில் கணக்குத் தேர்வு நடக்கும். பல பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவரே கிடையாது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே, நூல் என்பது பயன்படுத்துவதற்காக என்பதுதான். பூட்டி வைப்பது காவல்காரன் வேலை என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர் நம் மண்ணில் பிறந்தவர். அவரைப் போன்றவர்களின் முயற்சியால் 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 'நூலக வரி' என்று ஒரு தொகை தனியாக இருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 காசு. மண்சுவர் வீட்டுக்குக்கூட அதைக் கட்டியிருக்கிறீர்கள். ஊர்க் கிளை நூலகத்தின் அலமாரிகளில் இருப்பது உங்கள் பணம். அந்த வாசற்படியை உங்கள் பிள்ளையோடு மிதித்தவர் உங்களில் எத்தனை பேர்?

போனைப் பற்றிக் கேட்பீர்கள். போன் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில், கையில் தொட்டால் உதிர்ந்துவிடும் பழைய நூல்களை எல்லாம் பிள்ளைகளுக்கு அதே போனில்தான் காட்டுகிறேன். ஆனால் போன் கேட்டவுடன் ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கேட்பதில்லை. மழைக்காலத்தில் 'நாளை பள்ளி விடுமுறை' என்று கலெக்டர் படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் போலிச் செய்தியை நம்பி, பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு யாராவது அதையே சொல்கிறார்களா? இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்த பிள்ளை கோட்டையைப் பற்றியும் ஏமாறாது. நாளை கடன் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டாலும், வெளிநாட்டு வேலை என்று ஏஜென்ட் வந்தாலும், மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் ஏமாறாது. நூலகத்தில் நான் சொல்லித்தருவது இதைத்தான். மதிப்பெண் பட்டியலில் இதற்கு இடம் இல்லை என்பதால் நீங்கள் இதைக் கேட்பதில்லை. நீங்கள் கேட்காததால் பள்ளிகள் கொடுப்பதில்லை.

ஆகவே கேளுங்கள். அதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில் கழிப்பறை பற்றிப் பேசியிருக்கிறீர்கள், சுற்றுச்சுவர் பற்றிப் பேசியிருக்கிறீர்கள், அவையும் வேண்டும்தான். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று பீரோ சாவியைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளை நூலகத்துக்கு, அதை வேறு பாடம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். கூடவே இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள்: 'புத்தகம் தொலைந்தாலும் கிழிந்தாலும் ஆசிரியர் பொறுப்பில்லை, பெற்றோர் நாங்கள் சேர்ந்து ஈடுசெய்கிறோம்.' அந்த ஒரு வரி போதும். பயந்துபோயிருக்கும் ஆசிரியர் தன் கையாலேயே பீரோவைத் திறப்பார். தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் பெற்றோர் கூட்டத்தில் இதையே கேளுங்கள். பீஸ் கட்டுகிறீர்கள், கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அடுத்த புராஜெக்டுக்குக் கடைக்கு ஓடாதீர்கள். கோணல்மாணலாக இருக்கட்டும், நான்கு வரிதான் இருக்கட்டும், பிள்ளையே எழுதட்டும். அழகு குறைந்ததென்று மதிப்பெண் குறைந்தால் என்னிடம் வாருங்கள், அந்த ஆசிரியரிடம் உங்களுக்காக நான் பேசுகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ராத்திரி சோறு போடும்போது "இன்னிக்கு இன்னா எழுதின?" என்று கேளுங்கள். சொன்னதும் "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அதற்குப் படிப்பு வேண்டாம். பிள்ளை முழித்தால் திட்டாதீர்கள். "தெரியல, தேடணும்" என்று சொன்னால் அன்றைக்கு அந்தப் பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராய்கட் படம் வைத்த பையன் அந்த அட்டையைக் கிழித்துவிட்டு, வீட்டு மாடியில் உட்கார்ந்து பென்சிலால் ராஜகிரியை வரைந்து கொண்டுவந்தான். மலை சற்று சாய்ந்திருக்கிறது. உச்சியில் கொடிமரத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டான். கீழே 'எங்கிருந்து தெரிந்துகொண்டேன்: எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறான். நூலகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் அன்று, ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து, அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சாவியை எப்படிக் கேட்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் பிள்ளைகளின்,
லைப்ரரி மிஸ்
செஞ்சி